அட்டைப்பெட்டியா, ஹெட்செட்டா? விஆர் வகுப்பில் ஆராய்ச்சி பழக்கும் கணக்கு

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டில் 60 பேர். ஆய்வகத்தில் இருப்பது தலையில் மாட்டும் ஹெட்செட் ஒன்றே ஒன்று, குவெஸ்ட் 2. கோவைப் பக்கம் விஆர் (மெய்நிகர் உண்மை) பாடம் எடுக்கும் எனக்கு, எதை வாங்குவது என்பதைவிட எதை வைத்து எந்த ஆராய்ச்சிக் கேள்வியைக் கேட்பது என்பதுதான் தலைவலி.

போனைச் செருகிக் கண்ணில் வைத்துப் பார்க்கும் அட்டைப்பெட்டிதான் கார்ட்போர்டு. கூகுள் 2014-இல் கொண்டுவந்த அதன் விற்பனை 2021-இல் நின்றுவிட்டது. ஆனாலும் அட்டையும் இரண்டு லென்ஸும் போதும், மீதி மாணவர் கையில் இருக்கும் போன். விஆர் காட்சியை இணையப் பக்கமாகவே எழுத உதவும் ஏ-ஃப்ரேமில் எழுதினால் எச்டிஎம்எல் தெரிந்தவர் முதல் வகுப்பிலேயே ஒரு பெட்டியை மிதக்க விடலாம். கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி என்றால் சி ஷார்ப் மொழி, ஆண்ட்ராய்டு பில்டு என்று இரண்டு வாரம் அதிலேயே போகும். (ஏ-ஃப்ரேம் பக்கத்தின் முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் இல்லாவிட்டால் தலையைத் திருப்பினாலும் காட்சி அசையாது. அது தெரியாமல் எனக்கு அரை நாள் போனது.)

அட்டைக்குத் தலை திரும்புவது மட்டுமே தெரியும். ஓரடி நடந்தால் காட்சியும் கூடவே வரும், கையும் கிடையாது. பவானி ஜமக்காளக் குழித்தறியை விஆரில் பழக்கப் போவதாகச் சொன்ன குழு அதனால்தான் ஹெட்செட் கேட்டது. தறியில் காலும் மிதிக்க வேண்டுமே, அதை அந்த ஹெட்செட்டும் அறியாது!

‘விஆரில் தறி’ என்பது வெறும் ப்ராஜெக்ட். ‘வீடியோ பார்த்தவரைவிட விஆரில் பழகியவர் வேலை வரிசையைத் தப்பில்லாமல் சொல்வாரா?’ என்பதுதான் கேள்வி. ஒருமுறை கற்றவரை மறக்க வைக்க முடியாது, அதனால் ஒரே ஆளை இரண்டிலும் சோதிக்க முடியாது. ஆகவே சீட்டுக் குலுக்கி, வீடியோவுக்கு 20 பேர், விஆருக்கு 20 பேர். ஆளுக்கு அரை மணி என்றால் ஒற்றை ஹெட்செட்டில் 10 மணி நேரம். வாரம் 2 மணி ஆய்வகத்தில் அது ஐந்து வாரம். இருபது அட்டை இருந்தால் ஒரே மதியம்.

விஆரில் வரும் தலைச்சுற்றலை அளக்கப் போன இன்னொரு குழுவின் கதை வேறு. அதற்கென 1993-இல் ஆய்வாளர் கென்னடியின் குழு வெளியிட்ட வினாத்தாள் 16 அறிகுறிகளை 0 முதல் 3 வரை குறிக்கச் சொல்கிறது. போனுக்குப் போன் வேகம் மாறும்போது, சுற்றியது காட்சியாலா போனாலா என்று பிரிக்க முடியாது. இங்கே ஹெட்செட்தான், சந்தேகமே இல்லை.

சரி, இப்போது என் வழக்கம்: முதலில் எல்லோருக்கும் அட்டை. ஹெட்செட் வேண்டுபவர், அட்டை ஏன் போதாது என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எழுத உட்கார்ந்த தறிக் குழு, வரிசையைச் சொல்லக் கை எதற்கு என்று தாங்களே கண்டுபிடித்து அட்டையோடு திரும்பியது. ஹெட்செட் இப்போது தலைச்சுற்றல் குழுவிடம். ‘சூப்பரா இருக்குமுங்க சார்’ என்று ஒற்றை வரி எழுதித் தந்தவர்கள் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.