ஒரே எலி, மூன்று பூனைகள்

வீட்டுப்பூனையின் பூர்வீகம் எது என்று கேட்டால் பாதிப் பேர் எகிப்து என்பார்கள், மீதிப் பேர் புலியைக் கைகாட்டுவார்கள். புலியை விடுங்கள், அது தனிக் கிளை. உண்மையான போட்டி மூன்று சின்னப் பூனைகளுக்கு நடுவில்தான்: ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரியும் ஃபெலிஸ் லிபிகா, ஐரோப்பியக் காடுகளின் ஃபெலிஸ் சில்வெஸ்ட்ரிஸ், அப்புறம் சீனா தொடங்கி நம் மேற்குத் தொடர்ச்சி மலை வரை வாழும் சிறுத்தைப்பூனை. (நம் ஊர்க் கண்மாய்ப் பக்கம் புதரில் ஓடும் நீளக்கால் காட்டுப்பூனை ஃபெலிஸ் காவுஸ் என்ற இன்னொரு இனம், அதுதான் வீட்டுப்பூனையின் பாட்டன் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் மரபணு ஒத்துக்கொள்ளவில்லை.) மூன்றையும் மனிதன் பக்கம் இழுத்திருக்கக்கூடியது ஒன்றுதான். சேமித்து வைத்த தானியம், அதைத் தின்ன வந்த எலி.

ஜெயித்தது லிபிகா என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. 2007இல் 979 பூனைகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது பாரசீகம், சயாமிஸ், தெருப்பூனை எல்லாமே மேற்காசிய லிபிகாவோடுதான் போய்ச் சேர்ந்தன. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்திலேயே எட்டு மாதப் பூனை ஒன்றைப் புதைத்திருந்தார்கள். அந்தத் தீவில் இயல்பாகப் பூனையே கிடையாது, எனவே யாரோ படகில் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் அதை வைத்தே எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பழைய எலும்புகளின் முழு மரபணுவைப் படித்து 2025இல் வெளிவந்த ஆய்வு, ஐரோப்பாவுக்கு வீட்டுப்பூனை வந்தது வட ஆப்பிரிக்காவிலிருந்து, அதுவும் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்கிறது. சைப்ரஸ் பூனை பழகிய பூனையாக இருந்திருக்கலாம், நம் வீட்டுப்பூனையின் நேர் மூதாதை என்று அடித்துச் சொல்ல முடியாது. எகிப்து என்று சொன்ன பாதிப் பேர் அவ்வளவு தப்பாகச் சொல்லவில்லை!

ஐரோப்பியக் காட்டுப்பூனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடித்த வால், அடர்ந்த ரோமம், குட்டியிலிருந்தே கையில் வளர்த்தாலும் ஆளைக் கண்டால் சீறும் குணம். வீட்டுப்பூனையோடு இணைந்து குட்டி போடும், அதுதான் இப்போது அதற்கு ஆபத்து. ஸ்காட்லாந்தில் இரண்டும் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் பெரிதாகக் கலக்கவில்லை. கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில்தான் காட்டு இனம் அருகிப்போய், கிடைத்த துணையோடு சேரத் தொடங்கியது. 2023இல் அங்குள்ள கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் 19 காட்டுப்பூனைகளை வளர்த்துக் காட்டில் விட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சுவாரசியம் சிறுத்தைப்பூனைதான், ஏனென்றால் அது கிட்டத்தட்ட ஜெயித்தே விட்டது. சீனாவின் ஷான்சி மாகாணத்தில் சுவான்ஹுசுன் என்ற பழைய உழவர் குடியிருப்பில் சுமார் 5300 ஆண்டு பழைய பூனை எலும்புகள் கிடைத்தன. எலும்பின் வேதியியலைப் பார்த்தால் அவை தின்றது தினை வகைத் தானியம் தின்ற எலிகளை. ஒரு பூனை எதிர்பார்த்ததைவிட இறைச்சியைக் குறைவாகவும் தானிய உணவை அதிகமாகவும் தின்றிருக்கிறது, அதாவது யாரோ சோறு போட்டிருக்கலாம். இவை லிபிகாவின் வாரிசுகளாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள், 2016இல் தாடை எலும்பின் வடிவத்தை அளந்த பிறகுதான் அத்தனையும் சிறுத்தைப்பூனை என்று தெரிந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது மனிதர்களை ஒட்டியே வாழ்ந்திருக்கிறது. கி.பி. 150 வாக்கில் தடம் நின்றுபோகிறது. அப்புறம் சுமார் 600 ஆண்டுகள் சீனக் குடியிருப்புகளில் எந்தப் பூனையும் தட்டுப்படவில்லை, கி.பி. 730 வாக்கில் லிபிகாவின் வாரிசு, பெரும்பாலும் பட்டுப் பாதை வழியாக, வந்து சேர்கிறது.

சிறுத்தைப்பூனை ஏன் விலகியது? அப்போது சீனாவை ஆண்ட ஹான் பேரரசு சரிந்து ஊர்கள் ஆளற்றுப் போனது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சரி, ஆனால் எனக்கென்னவோ கோழி மேல்தான் சந்தேகம். சிறுத்தைப்பூனை பேர்போன கோழித் திருடன், ஹான் காலக் கல்லறைகளிலோ மண்ணில் செய்த கோழிகள் கிடைக்கின்றன, அவ்வளவு தூரம் கோழி வளர்ப்பு பரவியிருந்தது. லிபிகா மட்டும் என்ன யோக்கியமா? இல்லை. ஆனால் எகிப்தில் கோழி பரவலானதே கிரேக்க வம்ச அரசர்கள் காலத்தில்தான், அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லறை ஓவியங்களில் பூனை எஜமானியின் நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்தாயிற்று. வேலியோரம் பதுங்கி வந்து கோழியை நடுங்கவைக்கும் வெருகு என்ற காட்டுப்பூனையைச் சங்கப் பாட்டிலேயே பார்க்கலாம், அதை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சியதாகத் தெரியவில்லை.

சிறுத்தைப்பூனையின் புள்ளியழகு மட்டும் இப்போது வேறு வழியில் வீட்டுக்குள் வந்திருக்கிறது. வீட்டுப்பூனையோடு கலந்து உருவாக்கிய பெங்கால் இனத்தைத்தான் சொல்கிறேன். இரண்டு வம்சமும் பிரிந்து சுமார் 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன, அதனால் முதல் சில தலைமுறை ஆண் குட்டிகள் பொதுவாக மலடு. திரும்பத் திரும்ப வீட்டுப்பூனையோடு சேர்த்தால்தான் வம்சம் ஓடும். இன்றைய பெங்கால் பூனையில் சிறுத்தைப்பூனையின் பங்கு சராசரியாக 3 முதல் 4 சதவீதம்தான், மிச்சம் முழுக்க நம்ம லிபிகா.