டேங்க் மோட்டாரை மாற்றியாச்சு, சுவிட்சை என்ன செய்வது?

1/16 அளவு ஆர்சி டேங்குக்கு, அதாவது ரிமோட்டில் ஓடும் மாடல் பீரங்கி வண்டிக்கு, பெரிய மோட்டார் போடுகிறவர்கள் கியர்பாக்ஸ், பினியன், டிராக் என்று மணிக்கணக்கில் பேசுவோம். அடிவயிற்றில் இருக்கிற அந்தச் சின்னத் தள்ளு சுவிட்சை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஹெங் லாங் கம்பெனியின் டேங்கைக் கவிழ்த்தால் தெரியும், அவர்களே போட்ட 380 அளவு மோட்டார் இரண்டுக்கும் அதுவே போதும். அதைவிடப் பெரியது போட்டு மணலில் நின்ற இடத்திலேயே சுழற்றும்போதுதான் வினை.

கணக்கு எளிது. பழைய சுவிட்சின் தொடுப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்ப் போனால் 1 வோல்ட் அங்கேயே செத்துவிடும், 10 வாட் சூடு அந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிளம்பும். 7.4 வோல்ட் பேட்டரி ஏற்கெனவே பாரத்தில் தாழ்ந்திருக்கும்போது மேலும் ஒரு வோல்ட் போனால் டேங்கின் கட்டுப்பாட்டு போர்டு அணைந்து போகும். டேங்க் திருப்பத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து இன்ஜின் ஸ்டார்ட் கொடுக்க வேண்டி வந்தால் ரிமோட்டைத் திட்டாதீர்கள், முதலில் சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அரியமான் மணலிலோ பாம்பன் பக்கமோ கச்சான் காற்றில் ஓட்டிவிட்டு அப்படியே அலமாரியில் வைத்தால், உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். கீழே இருக்கிற சுவிட்சின் தள்ளு பள்ளத்தில் நைஸ் மணல் வேறு புகுந்துகொள்ளும். மதுரையிலோ கோவையிலோ ஹாலில் ஓட்டுகிறவருக்குச் சரியாக இருக்கும் வழி மண்டபம் கடற்கரையில் சரிப்படாமல் போவது இதனால்தான்.

முதல் வழி எல்லோருக்கும் தோன்றுவது: பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கனமான டாகிள் சுவிட்ச். செலவு குறைவு, இரண்டே இடத்தில் ஈயப் பற்று, வேலை முடிந்தது. விசைப்படகுக்கு மின்சாமான் விற்கிற கடைகளில் ரப்பர் தொப்பி போட்ட டாகிள் கிடைக்கும், உப்புக்காற்றுக்கு அது ரொம்ப நல்லது. ஆனால் கடைக்காரர் சொல்வதையும் காதில் வாங்குங்கள்: “தம்பி, இது லைட்டுக்குப் போடுறது, ஸ்டார்ட்டருக்கு இல்ல.” மேலே 250 வோல்ட் ஏசி, 6 ஆம்ப் என்று பொறித்திருப்பதை டிசி மோட்டாருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிசி எண் தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள், 12 வோல்ட் டிசி 20 ஆம்ப் என்றிருந்தால் நிம்மதி. இரட்டைத் துருவ டாகிளில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் தாங்கும் திறன் இரண்டு மடங்கு என்று ஒரு பேச்சு உண்டு, அது பாதி உண்மை. ஓடும்போது தடை பாதியாகும், சூடு குறையும், அதுவரை சரி. போடும்போதும் அணைக்கும்போதும் இரண்டு தொடுப்பும் ஒரே கணத்தில் சேராது, ஒன்று முந்திக்கொண்டு மொத்தப் பாரத்தையும் தனியாக வாங்கும்.

அடுத்தது ரிலே. பைக்கில் செல்ஃப் பட்டன் செய்கிற அதே வேலைதான்: விரல் தொடுகிற சுவிட்சில் கொஞ்சம் மின்சாரம், மோட்டாருக்குப் போகிற கனத்த மின்சாரம் வேறொரு தொடுப்பில். இதனால் பழைய தள்ளு சுவிட்சையே வைத்துக்கொள்ளலாம், டேங்கின் தோற்றம் கெடாது. ஆனால் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிற 12 வோல்ட் ரிலேவை வாங்கி 7.4 வோல்ட்டில் மாட்டி, “இழுக்கவே மாட்டேங்குது” என்று புலம்புகிறவர்கள் அதிகம். முழு சார்ஜில் ஒருவேளை இழுக்கும், பேட்டரி கொஞ்சம் இறங்கினால் இழுக்காது. 5 வோல்ட் காயில் (தொடுப்பை இழுக்கும் கம்பிச் சுருள்) உள்ள ரிலே எடுத்தால் நேர் எதிர்ப் பிரச்சினை, முழு சார்ஜ் 8.4 வோல்ட்டில் காயில் காய்ந்துவிடும். சாதாரண நீலப் பெட்டி ரிலேயின் காயில் சுமார் 70 ஓம். அதோடு வரிசையாக 33 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்தால் 7.4 வோல்ட்டில் காயிலுக்கு ஏறத்தாழ 5 வோல்ட் கிடைக்கும், பேட்டரி 6 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 4 வோல்ட் மிஞ்சும், இழுக்க அது போதும். ஒரு தடவை இழுத்துவிட்டால் அதைவிடக் குறைந்த வோல்ட்டிலும் பிடித்துக்கொள்ளும் என்பதால் மோட்டார் கிளம்பும்போது வருகிற சின்னத் தாழ்வில் விட்டுவிடாது. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடைத் தலைகீழாகப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அணைக்கும்போது கிளம்பும் உதை உங்கள் சின்னச் சுவிட்சைத் தின்றுவிடும்.

குறை என்று சொன்னால், டேங்க் சும்மா நின்றாலும் காயில் 70 மில்லிஆம்ப் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த நீலப் பெட்டியும் 10 ஆம்ப் சமாச்சாரம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 30 ஆம்ப் தொடுப்புள்ளதாக, காயில் வோல்ட் பார்த்துத் தேட வேண்டும். நம் ஊருக்குச் சீல் செய்த வகையே வாங்குங்கள்.

மூன்றாவது மாஸ்ஃபெட், சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு வகை டிரான்சிஸ்டர். அதன் பிரியர்கள் கோபப்படலாம், இருந்தாலும் சொல்கிறேன்: இது அழகான வழி, முதல் தடவை செய்கிறவருக்கான வழி இல்லை. அசையும் தொடுப்பு கிடையாது, மணல் பயம் இல்லை, காயில் செலவும் இல்லை. ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் (குறைந்த வோல்ட்டிலேயே திறக்கும்) வகையை பேட்டரியின் மைனஸ் பக்கம் போட்டு, கேட்டிலிருந்து (சின்னச் சுவிட்ச் வோல்ட் கொடுக்கும் கால்) சோர்ஸுக்கு (மைனஸ் பக்கக் கால்) 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் போதும். 5 வோல்ட் கேட்டில் அதன் தடை 0.025 ஓம், ஆக 10 ஆம்ப்பில் கால் வோல்ட் போகும், இரண்டரை வாட் சூட்டுக்குச் சின்ன அலுமினியத் தகடு ஒன்று மாட்ட வேண்டும். கடையில் “அதே மாதிரிதான்” என்று ஐஆர்எஃப்இசட்44என் கொடுப்பார்கள், ஓரெழுத்துதான் வித்தியாசம். அது முழுதாகத் திறக்க 10 வோல்ட் கேட்டில் வேண்டும், நம்மிடம் அது இல்லை. அப்புறம், மைனஸ் பக்கத்தை வெட்டுவதால் சவுண்ட் போர்டோ லைட்டோ தனி வயரில் பேட்டரி மைனஸுக்குப் போயிருந்தால் அந்த வழியாகவே மின்சாரம் சுற்றிக்கொண்டு போகும். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட் ஆகியே சாகும், சுவிட்சை அணைத்தாலும் டேங்க் அணையாது.

தனி ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போட்டவர்கள் அதிலிருக்கும் சின்னச் சுவிட்ச் போதும் என்று நினைப்பார்கள். பல ஈஎஸ்சிகளில் அது ரிசீவருக்குப் போவதை மட்டுமே நிறுத்தும், பேட்டரி இணைந்தபடியே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடியும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் அந்தப் பேட்டரி கெட்டுவிட வாய்ப்பு அதிகம்.

என் ஓட்டு நாலாவது வழிக்கு, சாவிப் பிளக். பேட்டரியின் பிளஸ் வயரை வெட்டி, இரு முனையையும் டேங்கின் பின்புறம் பொருத்திய எக்ஸ்டி60 (பேட்டரிகளுக்குப் போடும் ஒரு வகை இணைப்பு) சாக்கெட்டில் கொண்டுவந்து விடுங்கள். அதற்கு ஜோடியான பிளக்கில் இரண்டு காலையும் கனமான வயரால் சேர்த்தால் அதுதான் சாவி. சொருகினால் ஓடும், உருவினால் செத்தது, பார்த்தாலே தெரியும். எக்ஸ்டி60 தொடுப்பில் தங்கப்பூச்சு இருப்பதால் களிம்பு சீக்கிரம் பிடிக்காது, வீடு வந்ததும் துடைப்பதும் எளிது. பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் மறைத்தால் பார்வைக்கும் உறுத்தாது. சொருகும்போது சின்னப் பொறி வரும். பெரிய ஈஎஸ்சி என்றால் எக்ஸ்டி90-எஸ் எடுங்கள், அதனுள்ளே இருக்கும் ரெசிஸ்டர் வழியாக முதலில் கெப்பாசிட்டர் நிரம்பி, பிறகுதான் முழுத் தொடுப்பு சேரும்.

ஒரே எச்சரிக்கை, ஆனால் பெரியது. பேட்டரியிலும் எக்ஸ்டி60, சாவியிலும் எக்ஸ்டி60 என்று வைக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் யாராவது சாவியை நேராக பேட்டரியில் சொருகினால் முழு ஷார்ட், லிப்போ தீப்பிடிக்கும். பேட்டரிக்கு டி-பிளக், சாவிக்கு எக்ஸ்டி60 என்று ஒன்றோடொன்று சேரவே முடியாத ஜோடியாக இருக்கட்டும்.

பழைய போர்டையே வைத்துக்கொண்டு 380-ஐவிடக் கொஞ்சம் மட்டும் பெரிய மோட்டார் போடுகிறவருக்கு இவ்வளவு தேவையில்லை, ரப்பர் தொப்பி டாகிள் போதும், அந்த இடத்தில் சுவிட்சுக்கு முன்னால் போர்டுதான் கருகும். டேங்க் கண்காட்சிக்குப் போகும், அடிப்பக்கத்தைத் தொடக்கூடாது என்றால் ரிலே.

எதைப் போட்டாலும் வயரை 1.5 ஸ்கொயர் எம்எம் பல இழை வயராக மாற்றுங்கள், ஈயப் பற்றுமேல் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) ஏற்றுங்கள். கூடவே பேட்டரிக்கு ஒட்டினாற்போல் பிளஸ் வயரில் கார் பிளேடு ஃபியூஸ் ஒன்று: முதலில் நீல நிற 15 ஆம்ப், சாதாரண ஓட்டத்திலேயே அது போய்க்கொண்டிருந்தால் மஞ்சள் 20. அதுவும் போனால் ஃபியூஸைப் பெரிதாக்காமல் கியர்பாக்ஸில் மணல் சிக்கியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.