ரூக்வூட் பூச்சாடிக்கு என்ன விலை? விற்குமுன் மதிப்புப் பார்க்க ஒரு டோர்ச்சும் மூன்று இணையச் சேவைகளும்

தோட்டங்களை அரசு எடுத்த 1972க்கும் 1975க்கும் பிறகு ஊர் திரும்பிய துரைமார் விட்டுப்போன பங்களாச் சாமான்கள் மலையகத்தின் பல வீட்டு அலுமாரிகளில் இன்றும் இருக்கின்றன. மட்பாண்டம் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்குத்தான். அபூர்வமாக ஒன்று அமெரிக்காவில் செய்ததாக இருக்கும். அடியைத் திருப்பிப் பார்த்து ரூக்வூட், ரோஸ்வில், வேன் பிரிகிள் என்று ஏதாவது அமெரிக்க மட்பாண்ட நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், கண்டியிலோ நுவரெலியாவிலோ பழஞ்சாமான் கடையில் முதலில் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம். கடைக்காரர் சொல்வது, அவர் வாங்கி விற்றால் தனக்குக் கட்டுப்படியாகும் விலை. உலகச் சந்தையில் அதே பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க ஈபே, லைவ் ஆக்ஷனியர்ஸ், வேர்த்பொயின்ட் ஆகிய மூன்று இணையச் சேவைகளும் உதவும். மூன்றிலும் நிறைகுறை உண்டு.

ஆனால் தேடும் இடத்தில் ‘ரூக்வூட் பூச்சாடி’ என்று மட்டும் அடித்தால் ஐம்பது டொலர் பொருளும் ஐயாயிரம் டொலர் பொருளும் ஒன்றாக வந்து நிற்கும். அதனால் முதலில் அடியைப் படிக்க வேண்டும்.

ரூக்வூட் 1880இல் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் மரியா லோங்வர்த் நிக்கல்ஸ் தொடங்கியது. ஆர், பி (R, P) எழுத்துகள் முதுகோடு முதுகு ஒட்டிய முத்திரை 1886இல் வந்தது. 1887 முதல் ஆண்டுக்கு ஒரு தீச்சுடராக அதைச் சுற்றிச் சேர்த்தார்கள். 1900இல் சுடர் 14 ஆனது. 1901 முதல் அந்தப் 14 சுடரும் அப்படியே நிற்க, கீழே ரோமன் இலக்கத்தில் ஆண்டைப் போட்டார்கள். ஆக 14 சுடருக்குக் கீழே ரோமன் 21 இருந்தால் அது 1921. அதன் பக்கத்தில் 1369 போன்ற வடிவ எண்ணும் அளவைச் சொல்லும் ஓர் எழுத்தும் இருக்கும்: ஏ பெரியது, எஃப் சிறியது. வி என்ற எழுத்து வெலம் என்னும் மங்கலான மெழுகுப் பளபளப்புள்ள கிளேஸைக் (மண்ணின் மேல் சுட்ட கண்ணாடிப் பூச்சு) குறிக்கும்.

விலையைத் தூக்குவது ஓவியரின் முதலெழுத்துகள். அச்சில் வார்த்து நிறம் பூசிய சாதாரணச் சரக்கில் அவை இருக்காது. கையால் வரைந்ததில் கீறியோ தீட்டியோ இருக்கும். 1887இல் அங்கே சேர்ந்த கட்டாரோ ஷிராயமதானி தன் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே இட்டார். ஆகவே புரியாத கிறுக்கல் என்று எதையும் ஒதுக்கிவிடக் கூடாது; படம் எடுத்து வையுங்கள். சாணைச் சக்கரத்தால் கிளேஸை வெட்டிப் போட்ட பெருக்கல் குறி இருந்தால் அது தொழிற்சாலையே இரண்டாந்தரம் என்று கழித்தது. விலை குறையும், ஆனால் விற்கும்.

ரோஸ்வில்லில் போலி அதிகம். 1990களில் இருந்து சீனாவில் செய்த நகல்கள் சந்தையில் ஓடுகின்றன. முத்திரை புடைத்த எழுத்தாக இருந்து, ரோஸ்வில் என்பதோடு யூ.எஸ்.ஏ. இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். (உள்ளே அமுங்கிய எழுத்தில் யூ.எஸ்.ஏ. இல்லாத அசல் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல சாடியைத் தள்ளிவிட வேண்டாம்.) அடியில் 91-8 என்றிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வருவது அங்குல அளவு. அடிமட்டம் வைத்துப் பாருங்கள். அசலிலிருந்து அச்செடுத்த நகல் சூளையில் சுருங்கிக் குட்டையாகிவிடும்.

அடுத்தது, ஒட்டித் திருத்திய இடத்தைக் காட்டும் டோர்ச். வாங்கினால் 365 நனோமீட்டர் புற ஊதா டோர்ச்சே வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் 395 டோர்ச்சின் ஊதா வெளிச்சம் சாடி முழுவதும் பரவி, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். இரவில் விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகியதும் வாய் விளிம்பு, கைப்பிடி, அடிவளையம் என்று மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டித் திருத்திய இடத்தில் உள்ள பிசினும் மேற்பூச்சும் சுற்றியுள்ள கிளேஸில் இருந்து வேறுபட்டு, பால் நீலமாகவோ மஞ்சளாகவோ திட்டாக ஒளிரும். சில கிளேஸ்கள் தாமாகவே ஒளிரும். அதனால் ஒளி இருக்கிறதா என்று பார்ப்பதைவிட ஓரிடம் மட்டும் மாறி நிற்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தை நேரே கண்ணில் படவிட வேண்டாம். சந்தேகமான இடத்தில் ஊசி முனையை அழுத்தாமல் நகர்த்தினால் கிளேஸில் வழுக்கும், பெயின்டில் பிடிக்கும்.

கிளேஸில் மட்டும் வலைபோல ஓடும் நுண்வெடிப்பு ரூக்வூட்டில் சகஜம். மண்வரை இறங்கிய கீறல் வேறு. அது இருந்தால், சாடியை உள்ளங்கையில் நிறுத்தி நகத்தால் தட்டினால் மணிச்சத்தம் வராமல் செத்த சத்தம் வரும், விலை பாதியாகவும் விழலாம். விளக்காக்குவதற்கு அடியில் துளைத்திருந்தால் துளையின் ஓரத்தைப் பாருங்கள். உள்ளே கிளேஸ் ஓடியிருந்தால் தொழிற்சாலைத் துளை, கிளேஸ் இல்லாத வெறும் மண் தெரிந்தால் பின்னால் போட்டது.

நுவரெலியாக் குளிரிலும் ஈரத்திலும் பல வருடம் பூவும் தண்ணீருமாக இருந்த சாடியின் மண் ஈரத்தைக் குடித்திருக்கும், வெடிப்புகளில் பழுப்புக் கறை ஏறியிருக்கும். அதை பிளீச் ஊற்றி வெளுக்கவே கூடாது. பிளீச் வெடிப்புக்குள் இறங்கி உப்பாகப் பூத்து, நாளடைவில் கிளேஸைப் பெயர்த்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். கழுவிய பிறகு நாலைந்து நாள் உலரவிட்டுத்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

இனிச் சேவைகள். ஈபேயில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுமுடிந்தவை என்ற வடிகட்டியைப் போடுங்கள். அது இலவசம், ஆனால் ஏறக்குறைய கடந்த 90 நாள்தான் காட்டும். குறுக்குக் கோடு போட்ட விலை இருந்தால் பேரம் பேசிக் குறைந்த விலைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். ரோஸ்வில் போன்ற அடிக்கடி விற்கும் சரக்குக்கு இதுவே போதும்.

ஓவியர் கையெழுத்துள்ள ரூக்வூட்டுக்கு மூன்றில் சிறந்தது லைவ் ஆக்ஷனியர்ஸ். பல வருடத்து ஏல முடிவுகள், பெரிய படங்கள், கீறல் உண்டா இல்லையா என்ற நிலைக்குறிப்பு எல்லாம் இலவசப் பதிவிலேயே கிடைக்கும். அதே ஓவியர், அதே கிளேஸ், கிட்டத்தட்ட அதே உயரம் என்று ஐந்தாறு முடிவுகளை எடுத்து, அதிகமானதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதைப் பாருங்கள். அந்த விலை முழுவதும் விற்பவர் கைக்கு வராது. ஏலக்காரரின் தரகு அதிலிருந்து போகும்.

வேர்த்பொயின்ட் கட்டணச் சந்தா. விலைப் பதிவும் அடிமுத்திரைத் தொகுப்பும் மிகப் பெரியவை. அலுமாரி நிறையப் பொருள் உள்ளவர் ஒரு மாதம் கட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிறுத்தலாம். ஒரே ஒரு சாடிக்காகக் கட்டுவது வீண்.

தேடிய விலை சில நூறு டொலரைத் தாண்டினால் நியூ ஜெர்சி மாநிலத்து லேம்பர்ட்வில்லில் உள்ள ராகோ போன்ற ஏல நிறுவனத்துக்குப் படம் அனுப்பிக் கேட்கலாம். நான்கு பக்கம், வாய், உட்புறம், அடி, ஓவியர் குறி என எட்டுப் படம், அங்குலத்தில் உயரம், பழுதுகளை மறைக்காத ஒரு வரி. மூடுபனி மூடிய மதிய நேரத்து ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் கிளேஸில் கண்கூசும் புள்ளி விழாது. சில நூறு டொலருக்குக் குறைந்த பொருளை வெளிநாடு அனுப்பினால் கூரியர் கூலியே தின்றுவிடும். உள்ளூரில் விற்பதே மேல். அனுப்புவதானால் தொல்பொருள் திணைக்களத்தில் ஏற்றுமதி அனுமதி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். பிறகு பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் இடையில் எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றராவது திணிப்பு, சாடியின் வயிற்றுக்குள்ளும் கசக்கிய காகிதம்.