ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் சைட் ரிவ்யூ: ஒரே சீசன் ஆடுன லைன்பேக்கரை பாக்கணும்னா

அமெரிக்கன் ஃபுட்பால்ல டிஃபன்ஸ் (எதிரணியை தடுக்குற பக்கம்) ஆளுங்களை ஃபாலோ பண்றவங்களுக்கு ஒரே ஒரு சைட் சொல்லுன்னா நான் யோசிக்காம ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தான் சொல்வேன், என்.எஃப்.எல் லீக்ல ஆடுனவங்களோட கணக்கை எல்லாம் வச்சிருக்கற சைட். 2000ல டக் ட்ரினன் ஆரம்பிச்சது. பிளேயர் பேஜ் எல்லாம் ஃப்ரீ. பந்தை எறியற குவாட்டர்பேக்கோட நம்பர் எங்க வேணா கிடைக்கும், ஆனா கொஞ்ச நாள் ஆடிட்டு போயிட்ட ஒரு லைன்பேக்கரை (டிஃபன்ஸ்ல முன்வரிசைக்கு பின்னாடி நிக்கிற ஆளு) பத்தி உருப்படியா தெரிஞ்சுக்கணும்னா இதுக்கு இணையா இன்னொண்ணு நான் பாக்கல.

கிறிஸ் போர்லண்ட் பேஜையே எடுத்துக்கோங்க. விஸ்கான்சின் காலேஜ்ல ஆடி 2014 டிராஃப்ட்ல (டீமுங்க முறை வச்சு காலேஜ் ஆளுங்களை எடுக்குறது) 3வது ரவுண்டுல, 77வது ஆளா ஃபார்ட்டி நைனர்ஸ் டீம் எடுத்தவரு. திறந்தா ஒரு சீசன் தான் இருக்கும், 14 மேட்ச், 8 ஸ்டார்ட் (ஆரம்பத்துலயே இறங்குனது), 107 டேக்கிள் (பந்து வச்சிருக்கவரை மடக்கி விழுத்துறது), 2 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிஞ்ச பந்தை பிடிக்கிறது), 1 சாக் (எறியறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கை விழுத்துறது). இதோட மூடிடாதீங்க, கேம் லாக் (மேட்ச் வாரியா கணக்கு) லிங்கை அழுத்துங்க, விஷயமே அங்க தான் இருக்கு. ஆரம்ப வாரங்கள்ல பெருசா ஒண்ணும் இருக்காது, ஏன்னா அந்த இடத்துல பேட்ரிக் வில்லிஸ் ஆடிட்டு இருந்தாரு, அக்டோபர்ல அவருக்கு கால் விரல்ல அடிபட்டதும் தான் இவருக்கு வாய்ப்பு, டென்வர்ல முதல் ஸ்டார்ட், அப்புறம் ராம்ஸோட 18 டேக்கிள், செயின்ட்ஸோட 17, அடுத்த வாரமே ஜயன்ட்ஸ் மைதானத்துல 13 டேக்கிள் ப்ளஸ் 2 இன்டர்செப்ஷன். அதுல ஒண்ணு கடைசி நேரத்துல கோல் லைன் கிட்ட, ஜயன்ட்ஸ் குவாட்டர்பேக் ஈலை மேனிங் நாலாவது டவுன்ல (அதாவது கடைசி முயற்சியில) எறிஞ்ச பந்து, மேட்ச் 16-10ன்னு ஃபார்ட்டி நைனர்ஸ் கைக்கு வந்துச்சு. வரிசையா அந்த மூணு வாரத்தை பாக்கும்போது எனக்கு இப்பவும் புல்லரிக்குது. டிசம்பர்ல கணுக்கால்ல அடி, கடைசி 2 மேட்ச் இல்ல, அவ்ளோதான் கரியர்.

ஏன் நின்னுச்சுன்னு அந்த டேபிள் சொல்லாது, அதை வெளிய தான் படிக்கணும். ட்ரெயினிங் கேம்ப்ல ஒரு மோதல்ல தலை கலங்குன மாதிரி ஆகியும் டீம்ல இடம் போயிடுமேன்னு தொடர்ந்து ஆடிருக்காரு, அதுக்கப்புறம் தலையில திரும்பத் திரும்ப அடிபட்டா மூளைக்கு என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்றவங்க கிட்டயே பேசி 2015 மார்ச்ல 24 வயசுல விலகிட்டாரு. சைனிங் போனஸ் 6 லட்சம் டாலருக்கு மேல, அதுல முக்கால்வாசியை திருப்பிக் குடுக்கவும் ஒத்துக்கிட்டாரு. லீக்ல பென்ஷன் வேணும்னா 3 சீசன் கணக்குல வரணும், அதுவும் போச்சு. இவரை பயந்து ஓடுனவர்னு யாராவது சொன்னா எனக்கு செம கோவம் வரும், அந்த கேம் லாக்கை ஒரு தடவை பாத்துட்டு பேசட்டும்.

குறைன்னு பாத்தா பழைய காலத்து ஆளுங்க விஷயத்துல தான். லீக் 1982ல இருந்து தான் சாக்கை அஃபீஷியலா எண்ணுச்சு, அதுக்கு முன்னாடி 1960 வரைக்கும் போய் ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் ரெண்டு பேரும் தோண்டி எடுத்த கணக்கை 2021ல சைட்ல சேத்தாங்க, அந்த உழைப்புக்கே தனியா ஒரு கும்பிடு போடணும். ஆனா 1970கள்ல ரெண்டு மூணு வருஷம் ஆடிட்டு போன லைன்பேக்கர் பேஜ்ல டேக்கிள் கட்டம் காலியா தான் இருக்கும், எவ்ளோ அடிச்சு ஆடிருந்தாலும் சாக்கும் இன்டர்செப்ஷனும் ஃபம்பிள் ரெகவரியும் (கை நழுவுன பந்தை எடுக்குறது) மட்டும் தான் மிஞ்சும். டேக்கிள் நம்பரையும் அப்படியே வேதவாக்கா எடுத்துக்காதீங்க, ஸ்டேடியத்துல உக்காந்து எண்றவங்க கணக்கும் கோச்சுங்க வீடியோ பாத்து போடுற கணக்கும் ஒத்துப்போகாது. அதனால 2012க்கு அப்புறம் ஆடுனவங்கன்னா ஸ்நாப் கவுன்ட்டையும் சேத்து பாருங்க, எத்தனை பிளேல உள்ள இருந்தாங்கன்னு தெரிஞ்சா தான் டேக்கிளுக்கு அர்த்தம் வரும். ஸ்டாட்ஹெட்னு காசு கட்டுற சர்ச் வசதி ஒண்ணு இருக்கு, பல பேரை ஒண்ணா வடிகட்டி தேடணும்னா வாங்கலாம், ஒரு ஆளோட கரியரை பாக்க அது தேவையே இல்ல.

என் ரேட்டிங் 5க்கு 4.5.