மீர் நிலையம்: 15 வருஷ உழைப்பு, எல்லாம் சரி, ஆனால் அந்தக் கேபிள்கள்!

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார், "நீ எப்போது பார்த்தாலும் மீரைத் தூக்கிவைத்துப் பேசுகிறாயே, அதில் குடியிருந்தவர்கள் என்ன சொல்வார்கள்?" நியாயமான கேள்விதான். மீர் என்பது சோவியத் யூனியன் ஏவி, பின்னால் ரஷ்யா நடத்திய, பூமியைச் சுற்றிவந்த விண்வெளி நிலையம். எத்தனை டன், எத்தனை மாட்யூல் (ஒன்றோடொன்று ஒட்டிய அறைப்பகுதி), எந்த ராக்கெட் என்பதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். அதில் தினமும் எழுந்து, சாப்பிட்டு, ரிப்பேர் பார்த்து, தூங்கியவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் சொன்னதைப் பல வருஷமாகத் தேடித் தேடிப் படித்ததில் எனக்குள் சேர்ந்துபோனதை எழுதுகிறேன். கட்டியவர்கள் பக்கத்தில் இல்லை, குடியிருந்தவர்கள் பக்கத்தில் நின்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபம் வந்துவிடும்.

1986 பிப்ரவரியில் மேலே போன மைய மாட்யூல் 5 வருஷம் ஓடினால் போதும் என்று கட்டப்பட்டது. ஓடியது 15 வருஷம். எடையே இல்லாத இடத்தில் மேல் எது கீழ் எது என்று மனிதனுக்குத் தலை சுற்றக்கூடாதே என்று தரைக்குக் கம்பளம், சுவருக்கு வெளிர் நிறம், மேலே வெள்ளையும் விளக்குகளும் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். ஆளுக்கொன்றாக இரண்டு சின்னத் தூங்கும் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜன்னல். உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜை. உட்கார என்ன அவசியம், மிதந்துகொண்டே சாப்பிடலாமே என்று கேட்கலாம். மாதக்கணக்கில் அடைந்து கிடக்கிற மனிதர்களுக்கு ஒன்றாகக் கூடிச் சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்று புரிந்து செய்த காரியம் அது. ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யாகோவ் 1994-95இல் ஒரே மூச்சில் 437 நாள் அங்கே இருந்துவிட்டுத் தெளிவாக இறங்கி வந்தார். நாலு பக்கமும் இயந்திரம் மட்டும் இருக்கும் பெட்டிக்குள் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என்னை உண்மையிலேயே மயக்கியது ரிப்பேர். மீரின் தாத்தா வரிசை சல்யூத் நிலையங்கள். சல்யூத் 7இல் 1983இல் எரிபொருள் குழாய் ஒன்று கசிந்தது. நம்ம ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் எட்டு நாள் விருந்தாளியாக இருந்துவிட்டுக் கிளம்பினாரே, அந்த நிலையம்தான். அவர் கிளம்பிய கொஞ்ச நாளிலேயே, அங்கே குடியிருந்த கிசிமும் விளாதிமிர் சொலோவ்யோவும் விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வெளியே போய், குழாயைத் தேடிப் பிடித்து, ஆகஸ்டில் கடைசியாக அதை அழுத்தி நசுக்கி அடைத்தார்கள். பறக்கும்போது பிளம்பிங் வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக் கட்டாத ஒரு பொருளில் செய்த வேலை இது.

அடுத்த வருஷம் அதே நிலையம் மொத்தமாகச் செத்துப்போனது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று தவறாகச் சொன்ன ஒரே ஒரு சென்சார், அதனால் சார்ஜ் ஏறுவது நின்றது, மின்சாரம் போனது, எல்லாம் உறைந்தது. 1985 ஜூனில் ஜானிபெகோவும் சவீனிக்கும் போய், பதில் சொல்லாத அந்த நிலையத்தோடு தாங்கள் வந்த சோயுஸ் கலத்தைக் கையால் ஓட்டியே இணைத்து உள்ளே நுழைந்தார்கள். சுவரெல்லாம் பனி. மின்விசிறி ஓடாததால் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நின்று தலைவலி. அந்தக் குளிரில் வெறும் கையால் கம்பி முனைகளை முறுக்கி, டேப் சுற்றி, பேட்டரிகளை நேராகச் சூரியத் தகடுகளோடு சேர்த்தார்கள். சோயுஸின் உந்துவிசையைக் கொண்டு தகடுகளை வெயிலுக்குத் திருப்பினார்கள். நிலையம் உயிர் பெற்றது. எதையும் திறக்கலாம், எதையும் கையால் தொடலாம், எதற்கும் மாற்று வழி பண்ணலாம் என்ற அந்த குணம் மீருக்கும் அப்படியே வந்தது. இன்று ஒரு போனுக்கு பேட்டரி மாற்றவே கடைக்கு ஓடுகிற நமக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்.

தினசரி வாழ்க்கை என்பது பெரும்பாலும் காற்றையும் தண்ணீரையும் கவனிப்பதுதான். எலெக்ட்ரான் என்று ஓர் இயந்திரம், தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜனை உள்ளே விடும், ஹைட்ரஜனை வெளியே தள்ளும். அதற்குப் போகிற தண்ணீர் சிறுநீரிலிருந்து எடுத்தது. வியர்வையும் மூச்சின் ஈரமும் குளிர்ந்து சேர்வதைச் சுத்தம் செய்து குடிக்க எடுத்துக்கொள்வார்கள். வோஸ்துக் என்று இன்னொன்று, கரியமில வாயுவைப் பிடித்து வெளியே கொட்டும். எலெக்ட்ரான் அடிக்கடி மக்கர் பண்ணும். அப்போது ஒரு ரசாயனக் குப்பியைக் கொளுத்தினால் ஒரு ஆளுக்குச் சுமார் ஒரு நாளுக்கான ஆக்சிஜன் வரும். நாளுக்கு இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. தரைக்கட்டுப்பாட்டோடு பேச, பெரும்பாலும் ஒரு தரைநிலையத்தின் மேலே கடந்து போகும் அந்தச் சில நிமிடங்கள்தான். நடுவில் எது கெட்டாலும் அடுத்த தொடர்பு வரும்வரை நீயே பார்த்துக்கொள்.

அப்புறம் சாமான். புரோகிரஸ் சரக்குக்கலம் வரும், இரண்டு டன்னுக்கு மேல் கொண்டுவரும், இறக்கிய பிறகு அதில் குப்பையை அடைத்து அனுப்பினால் வளிமண்டலத்தில் எரிந்துபோகும். ஆனால் பழைய கருவியைப் பூமிக்குத் திருப்பி அனுப்ப அமெரிக்க ஷட்டில் வரத் தொடங்கும்வரை உருப்படியான வழியே இல்லை. இன்னொரு நாள் தேவைப்படும் என்று எதையும் தூக்கிப்போட மனம் வராமல், பலகைக்குப் பின்னால், பலகைக்கு முன்னால், பாதையில் என்று எங்கும் சேர்ந்துகொண்டே போனது. 90களின் கடைசியில் ஒரு பலகையைத் திறந்தால் உள்ளே கூடைப்பந்து அளவுக்குத் தண்ணீர் உருண்டை மிதந்துகொண்டிருந்தது, அதில் பூஞ்சையும் பாக்டீரியாவும். 1997இல் கிளைகால் என்ற திரவம் ஓடும் குளிர்விக்கும் குழாய்கள் அங்கங்கே அரித்துக் கசிந்தபோது, எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்கே சாமான் மலையை நகர்த்த வேண்டியிருந்தது, உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போக. இதையெல்லாம்கூட நான் மன்னித்துவிடுவேன். பழைய வீடென்றால் அப்படித்தான்.

என்னால் மன்னிக்க முடியாதது கதவு.

மீர் ஒரே நாளில் வந்ததல்ல. 1987இல் குவாந்த், 1989இல் குவாந்த் 2, 1990இல் கிறிஸ்டால், 1995இல் ஸ்பெக்டர், 1996இல் பிரிரோதா என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. குவாந்த் மைய மாட்யூலின் பின்பக்கம். முன்பக்கம் உருண்டையான ஒரு முனையறை, அதைச் சுற்றி மற்ற ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு வட்டக் கதவு. ஒரு மாட்யூலில் ஓட்டை விழுந்தால் அந்தக் கதவைச் சாத்திவிட்டு மிச்ச வீட்டில் பிழைத்துக்கொள்ளலாம், நியாயப்படி பார்த்தால் இதுதான் பெரிய பாதுகாப்பு. ஆனால் ஒரு மாட்யூலில் வருகிற மின்சாரம் இன்னொன்றுக்கு வேண்டும், எனவே கதவு வழியாகக் கேபிள். எடையில்லாத இடத்தில் சூடான காற்று தானாக மேலே ஏறாது, விசிறி வைத்துத் தள்ளாவிட்டால் தூங்குகிறவனைச் சுற்றி அவன் மூச்சே தேங்கிவிடும், எனவே கதவு வழியாகக் காற்றுக் குழாய். வருஷம் ஆக ஆக இன்னொரு கேபிள், அதன் மேல் இன்னொன்று. கதவு இருந்தது, சாத்த முடியாது. வாசல்படி முழுக்க எக்ஸ்டென்ஷன் வயர் ஓடுகிற வாடகை வீடு மாதிரிதான், ஒரே வித்தியாசம், வாசலுக்கு அந்தப் பக்கம் வெற்றிடம்.

இதை யாரும் கவனிக்கவில்லையா? குடியிருந்தவர்கள் தினமும் அந்த வயர்களை உரசிக்கொண்டுதான் நுழைந்து வெளியே வந்தார்கள். 1997 பிப்ரவரி 23 அன்று குவாந்தில் ஆக்சிஜன் குப்பி ஒன்று தீப்பற்றிச் சீறியபோது உள்ளே ஆறு பேர். தப்பிக்க இருந்த இரண்டு சோயுஸ்களில் ஒன்று நெருப்புக்கு அந்தப் பக்கம். நிலையம் முழுக்கப் புகை. நல்லவேளை அணைந்தது. அத்தோடாவது கதவுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து, ஜூன் 25. உக்ரைனில் தயாராகிற தானியங்கி இணைப்புக் கருவிக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை, அதனால் சரக்குக்கலத்தை உள்ளிருந்தே கையால் ஓட்டி இணைக்க முடியுமா என்று ஒரு சோதனை. டிவி படத்தை மட்டும் பார்த்து சிப்லியெவ் ஓட்டினார். வேகம் குறையவில்லை. கலம் ஸ்பெக்டரில் மோதியது. உள்ளே இருந்தது மூன்றே பேர்: சிப்லியெவ், லாசுத்கின், அமெரிக்கரான மைக்கேல் ஃபோல். காதில் அழுத்தம் குறைவது தெரிகிறது, காற்று போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பெக்டர்தான் ஓட்டை என்று லாசுத்கினுக்குத் தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கதவைச் சாத்துவது.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று கொஞ்சம் பாருங்கள். கதவு வழியே கொத்துக் கொத்தாகக் கேபிள். ஒவ்வொன்றின் பிளக்கும் எங்கே இருக்கிறது என்று தேடு, கழற்று. சிலதற்குப் பிளக் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை, கத்தியை எடுத்து அறு. மின்சாரம் ஓடுகிற கேபிளில் கத்தி பட்டால் பொறி பறக்கும், அதற்கு மட்டும் எப்படியாவது பிளக்கைக் கண்டுபிடித்தாக வேண்டும். எல்லாம் எடுத்த பிறகு ஸ்பெக்டரின் கதவை இழுத்தால் வரவில்லை, ஏனென்றால் அது உள்பக்கம் திறக்கிற கதவு, காற்று அந்தப் பக்கமே அடித்துக்கொண்டு போகிறது. கடைசியில் முனையறையில் கிடந்த ஒரு மூடியை எடுத்து வாசலில் வைத்தார்கள், காற்றழுத்தமே அதைப் பிடித்து இறுக்கிக்கொண்டது. மூன்று பேரும் பிழைத்தார்கள். ஃபோல் தூங்குகிற இடமும் அவருடைய சொந்தச் சாமான்களும் மூடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

கேபிளை அறுத்தால் உயிர் மிஞ்சும், ஆனால் மின்சாரம் போகும். ஸ்பெக்டரின் சூரியத் தகடுகள்தான் கிட்டத்தட்ட பாதி மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தன. மோதலில் நிலையம் சுழல ஆரம்பித்து, தகடுகள் வெயிலைத் தவறவிட்டு, பேட்டரி இறங்கி, விளக்கும் விசிறியும் நின்றன. ஃபோல் ஜன்னலுக்கு முன்னால் கையை நீட்டி, கட்டைவிரலை நட்சத்திரங்களுக்கு எதிரே வைத்துச் சுழலும் வேகத்தைக் கணக்குப் போட்டார். சோயுஸின் உந்துகளைக் கொஞ்சம் இயக்கித்தான் சுழற்சியை அடக்கினார்கள். அதோடு விட்டதா? ஜூலையில், ரிப்பேருக்காகக் கேபிள்களைப் பிரித்து வைக்கும்போது உள்ளே இருந்தவர்களில் ஒருவர் ஒரு பிளக்கைத் தவறுதலாக உருவ, கணினிக்குத் திசைத் தகவல் நின்று, மறுபடி மொத்த நிலையமும் இருட்டு. ஒரு பிளக்! களைத்துப்போன மனிதன் வயர் காட்டுக்குள் கையை விட்டால் தவறாமல் இருப்பானா? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் காட்டை வளரவிட்டவர்களைச் சொல்வேன்.

ஆகஸ்ட் 22 அன்று புதிதாக வந்திருந்த அனதோலி சொலோவ்யோவும் வினோகிராதோவும் காற்றில்லாத ஸ்பெக்டருக்குள் விண்வெளி உடையோடு நுழைந்தார்கள். கேபிள் இணைப்புகள் பொருத்திய புதிய மூடி ஒன்று பூமியிலிருந்து வந்திருந்தது. வினோகிராதோவின் கையுறை கசிந்ததால் அதை மாற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்து, 11 மின்கேபிள்களை அந்த மூடி வழியாகச் சேர்த்தார்கள். மின்சாரம் பெருமளவு திரும்பி வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் பெருமையாக இருக்கும், உடனே எரிச்சல் வரும். கேபிளும் போக வேண்டும், கதவும் மூட வேண்டும் என்றால் மூடியிலேயே இணைப்பு வைக்கலாம் என்பது ஓட்டை விழுந்த இரண்டே மாதத்தில் செய்ய முடிந்த காரியம். ஓட்டை விழுவதற்கு முன்னால் இருந்த இத்தனை வருஷத்தில் ஏன் செய்யவில்லை?

ஸ்பெக்டரின் ஓட்டையை அடைக்கவே முடியவில்லை. 2001 மார்ச் 23 அன்று மீர் பசிபிக்கில் விழும்வரை அந்த மாட்யூல் காற்றில்லாமல் மூடியே கிடந்தது.

ஆகவே இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் தீர்ப்பு: வேண்டாம். மீரில் வாழ்ந்தவர்களுக்கு முழு மதிப்பெண், அதன் ரிப்பேர் குணத்துக்கும் முழு மதிப்பெண், ஆனால் எனக்கு வேண்டிய ஒருவரை அங்கே குடியிருக்க அனுப்பச் சொன்னால் அனுப்பமாட்டேன். மீரின் மைய மாட்யூலின் வாரிசான ஸ்வெஸ்தா 2000இலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. அதன் பின்னறை ஒன்றில் 2019 முதல் காற்று கசிந்தபோது, சரக்கு ஏற்றி இறக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த அறையின் கதவை மூடியே வைத்தார்கள். அங்கே கதவைச் சாத்த முடிந்தது.