ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்கம்: வீட்டோவைத் தளர்த்த எது நல்ல வழி?

2023 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் கூடிய உச்சி மாநாட்டில், உக்ரைனுடன் இணைப்புப் பேச்சைத் தொடங்கும் தீர்மானம் முடிவுக்கு வந்த வேளையில், ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் விக்டர் ஓர்பான் அறையை விட்டு வெளியேறினார். மற்ற 26 தலைவர்களும் அதை நிறைவேற்றினர். அதே மாநாட்டில் உக்ரைனுக்கான 5,000 கோடி யூரோ உதவியை அவர் தடுத்தும் விட்டார். ஒரே நாடு எதிர்த்தாலும் முடிவைத் தடுக்கும் இந்த வீட்டோ அதிகாரத்தால் 27 நாடுகளுக்கே இந்த நிலை என்றால், உறுப்பினர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டும்போது ஒருமித்த முடிவு எப்படிச் சாத்தியம்?

ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தையே திருத்துவது நேரான வழி, ஆனால் நெடியது. ஐரோப்பிய அரசியலமைப்பு வரைவை 2005இல் பிரான்ஸ், நெதர்லாந்து வாக்காளர்கள் நிராகரித்தனர். அதன் பெரும்பகுதியைச் சுமந்துவந்த லிஸ்பன் ஒப்பந்தத்தை அயர்லாந்து 2008இல் மறுத்து, மறு ஆண்டு ஏற்றது. ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவான ஐரோப்பிய ஆணையத்தில் உள்ள ஆணையர்களின் எண்ணிக்கையை, உறுப்பு நாடுகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க அந்த ஒப்பந்தம் வகைசெய்திருந்தும், அயர்லாந்தைச் சமாதானப்படுத்த நாட்டுக்கு ஓர் ஆணையர் என்ற பழைய முறையே நீடித்தது. சீர்திருத்தத்தின் சாரத்தில் ஒரு பகுதி ஒப்புதல் வாங்கும் பாதையிலேயே கரைந்துவிட்டது.

லிஸ்பன் ஒப்பந்தத்திலேயே உள்ள இடைமாற்ற விதி மலிவான வழியாகத் தோன்றும். 55 சதவீத நாடுகள், 65 சதவீத மக்கள்தொகை என்ற தகுதிப் பெரும்பான்மைக்குப் பல துறைகளை அதன் மூலம் மாற்றலாம். ஆனால் அதற்குத் தலைவர்கள் அனைவரும் இசைய வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஒரேயொரு நாட்டு நாடாளுமன்றம் எதிர்த்தாலும் முயற்சி விழுந்துவிடும். வீட்டோவை நீக்கவும் வீட்டோவைத் தாண்டியாக வேண்டும்.

மூன்றாவது வழி, குறைந்தது ஒன்பது நாடுகள் மற்றவர்களுக்காகக் காத்திராமல் தனியே முன்செல்லும் முறை. ஒன்றிய நிதி மோசடிகளை விசாரிக்கும் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2021இல் அப்படித்தான் இயங்கத் தொடங்கியது. ஒன்றியம் முழுமைக்குமான பட்ஜெட்டை, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் வேளாண் மானியத்தை, இம்முறை தொடாது.

என் தேர்வு, சீர்திருத்தத்தை, புதிய நாட்டைச் சேர்க்கும் இணைப்பு ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டுவது. அதற்கு எப்படியும் எல்லா நாடுகளின் ஒப்புதலும் தேவை. ஆகவே புதியவர்களை விரும்பும் நாடு அதற்கு விலையாக வீட்டோவை விட்டுக்கொடுக்கக்கூடும். இந்தப் பேரம் விரிவாக்கத்தை விரும்பாத நாட்டிடம் செல்லாது என்பது உண்மைதான். ஆனாலும் பேச்சின் இடைக்கட்டங்களையாவது பெரும்பான்மை வாக்குக்கு விடலாம்: கிரேக்கத்துக்காக 2019இல் தன் பெயரையே மாற்றிக்கொண்ட வடக்கு மாசிடோனியாவின் இணைப்புப் பேச்சை, மறு ஆண்டே வரலாறும் மொழியும் குறித்த தகராறில் பல்கேரியா தடுத்து நிறுத்தியது.