நெஞ்சுப் பட்டையா, மணிக்கட்டு வாட்ச்சா?

கையில் இருக்கும் வாட்ச்சே இதயத் துடிப்பைக் காட்டும்போது நெஞ்சில் தனியாக ஒரு பட்டை எதற்கு என்று கேட்பது நியாயம்தான். இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்துவிட்டு நான் பட்டைப் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். வசதியிலும் செலவிலும் வாட்ச்தான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை.

விஷயம் அளக்கும் விதத்தில்தான். பட்டை இதயத்தின் மின் துடிப்பை நேராகப் பிடிக்கிறது. வாட்ச், தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி ரத்தம் ஏறி இறங்குவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. கை வீசி ஓடும்போது அந்த ஆட்டத்தையே சில நேரம் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஓடுபவர்கள் 'கேடன்ஸ் லாக்' என்பது இதைத்தான்: நிமிடத்துக்கு 170 அடி வைக்கிறீர்கள், துடிப்பு 135தான், வாட்ச்சோ 170 என்று அடம்பிடிக்கும். ஈஸி ரன்னில் என்றால் உடம்பே சொல்லிவிடும், இது பொய் என்று. டெம்போ ரன்னில், அதாவது சற்றுக் கடினமான வேகத்தை விடாமல் பிடித்து ஓடும்போது, துடிப்பு நிஜமாகவே 170 பக்கம் போகக்கூடியவருக்கு எது அடி, எது துடிப்பு என்று எப்படித் தெரியும்?

இன்டர்வெல், அதாவது கொஞ்ச தூரம் விரட்டி ஓடி, இளைப்பாறி, திரும்ப விரட்டும் பயிற்சி, இன்னும் மோசம். 200 மீட்டரை விரட்டி ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் வாட்ச்சில் எண் மேலே ஏறிக்கொண்டிருக்கும். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் இன்னும் தடுமாறும். சரி, ஒரு எண் தப்பினால் என்ன என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் ட்ரெயினிங் லோட் (பயிற்சி உடம்புக்குத் தரும் சுமை), ஸோன் (துடிப்பு எந்த வரம்பில் இருக்கிறது), 'மீள இத்தனை மணி நேரம்' என்று வாட்ச் சொல்வதெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் பெரும்பாலும் பிறக்கிறது. அடிப்படையே தப்பென்றால் நாளைக்கு ஓய்வா ஓட்டமா என்ற முடிவும் தப்பும்.

பட்டைக்கும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. கட்டுவதற்கு முன் உள்பக்கத்தை நனைக்காவிட்டால் முதல் சில நிமிடங்கள் கண்டபடி காட்டும். லாங் ரன்னில் உரசிப் புண்ணாக்கும், கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ள வேண்டும். ஓடி முடித்ததும் சென்சாரைக் கழற்றி, பட்டையை அலசிக் காயப்போட வேண்டும்; ஈரத்தோடு மாட்டியே வைத்தால் பேட்டரி வீணாகும்.

ராத்திரித் தூக்கத்தில் ஓய்வுத் துடிப்பையும் எச்ஆர்வியையும் (துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது) பார்க்க வாட்ச்சே போதும், கை அசையாமல் இருப்பதால் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். நீச்சலில் எனக்கு அனுபவம் குறைவு. தண்ணீருக்குள் ப்ளூடூத் எட்டாது என்பதால் ட்ரையத்லான்காரர்கள் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் சேர்த்துச் செய்பவர்கள்) துடிப்பைத் தனக்குள்ளேயே சேமிக்கும் பட்டையாகப் பார்ப்பது நல்லது. மேல் கையில் கட்டும் ஒளி சென்சார்களும் இருக்கின்றன, கொஞ்சம்தான் கட்டிப் பார்த்திருக்கிறேன், மணிக்கட்டைவிடத் தேவலாம் என்று பட்டது.

ஈஸி ரன் மட்டும் ஓடுபவர் வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டினாலே போதும். வாரத்தில் ஒரு இன்டர்வெல் நாளாவது உண்டென்றால் பட்டை வாங்குங்கள், அதிலும் துணிப்பட்டை தனியாகக் கிடைக்கும் மாடலாக, ஏனென்றால் வியர்வை உப்பில் முதலில் போவது அதுதான்.